தெக்கோங் தீவுக்கு மகனை அனுப்புவதற்கு முன்

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து பல ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் நிரந்தரவாசிகளாக இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு தாயார் கேட்டிருக்கிறார். மகன் தொடக்கக் கல்லூரியில் ஏ நிலைத் தேர்வை எழுதி முடித்துவிட்டான். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில், இளைஞர்களுக்குக் கட்டாயமான ராணுவப் பணியாகிய தேசிய சேவையில் சேருமாறு அழைப்பு வந்திருக்கிறது. இடையில் இரண்டு மாதங்கள் இருக்கின்றன. என்னென்ன வாங்க வேண்டும், சைவச் சாப்பாடு கிடைக்குமா, ஊரிலிருக்கும் பாட்டியை எப்போது போய்ப் பார்ப்பது, காப்பிக் கோப்பையைக்கூடக் கழுவிப் பழகாத பிள்ளை எப்படிச் சமாளிப்பான் என்பவை அவருடைய கேள்விகள். போகிற போக்கில், "என் கணவருக்கும் இதைப் பற்றி எதுவும் தெரியாது" என்று ஒரு வரியையும் சேர்த்திருக்கிறார். மற்றக் கேள்விகளைவிட எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது.

1967 முதல் இந்நாட்டில் தேசிய சேவை நடப்பில் இருக்கிறது. ஆகவே, இங்கேயே பிறந்து வளர்ந்த குடும்பங்களில் தகப்பனார், மாமா, அண்ணன், சில வீடுகளில் தாத்தாவும்கூட இதைக் கடந்து வந்தவர்கள். அவ்வீட்டுப் பையன், அடிப்படைப் பயிற்சி முகாம் இருக்கும் புலாவ் தெக்கோங் தீவில் படகை விட்டு இறங்கும் முன்பே அங்கே என்ன நடக்கும், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குச் சிரித்துவிட்டுப் போக வேண்டும் என்பதைச் சாப்பாட்டு மேசையிலேயே பாதி கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பான். வேலைக்கென்று வந்து நிரந்தரவாச உரிமை பெற்ற முதல் தலைமுறைத் தகப்பனாருக்குப் பொதுவாக இச்சேவைக் கடப்பாடு கிடையாது. பெற்றோர் வழியாக அவ்வுரிமை பெற்ற மகனுக்கு உண்டு. உங்கள் மகனிடம் இப்போது குறைவாக இருப்பது பொருள்கள் அல்ல, அந்தக் கேள்வியறிவுதான். நான் சேவையாற்றியவன், பிறகு மகனையும் அனுப்பியவன் என்ற முறையில் என்னால் இயன்ற அளவு அதை இங்கே தர முயல்கிறேன்.

முதலில் காலக்கணக்கைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். முழுநேரச் சேவை இரண்டு ஆண்டு. எங்கள் காலத்தில் அது இரண்டரை ஆண்டாக இருந்தது, 2004இல்தான் குறைத்தார்கள். சேருவதற்கு முன்பே உடலுறுதிச் சோதனையில் குறைந்தது 61 புள்ளி பெற்றுவிட்டால் அந்த இரண்டு ஆண்டில் இரண்டு மாதம் குறையும். தரையில் கையூன்றி எழுதல், படுத்தெழுதல், 2.4 கிலோமீட்டர் ஓட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே அந்தச் சோதனை. அதில் தேறியவர்களுக்கு அடிப்படை ராணுவப் பயிற்சி சுமார் ஒன்பது வாரத்தில் முடிந்துவிடும். தேறாதவர்களுக்கு உடலைத் தயார்செய்யும் காலமும் சேர்ந்துகொள்வதால் அவர்கள் முன்னதாகவே சேர்க்கப்படுவதும் உண்டு. மகன் எந்தப் பிரிவில் வருகிறான் என்பது அழைப்பிலேயே இருக்கும். அதைப் படிக்காமல் அக்கம்பக்கத்தில் விசாரித்துக் குழம்ப வேண்டாம்.

பயிற்சி முடிந்தவுடன் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. எந்தப் படைப்பிரிவுக்கு அனுப்புகிறார்கள் என்பது அதன் பிறகே தெரியும். அலுவலர் பயிற்சிப் பள்ளிக்குப் போகலாம், காலாட்படைக்குப் போகலாம், கிடங்கிலோ அலுவலகத்திலோ வேலை கிடைக்கலாம். எனவே இந்த இரண்டு மாத ஆயத்தத்தை ஒன்பது வாரத்துக்கான ஆயத்தமாக எண்ணாமல், மகன் இல்லாத வார நாள்களுக்கு வீடே பழகிக்கொள்வதற்கான ஆயத்தமாக எண்ணுங்கள். மாலையில் தங்கையைத் துணைப்பாட வகுப்பிலிருந்து அழைத்து வருபவன் அவன்தான் என்றால், அந்த வேலையை யார் ஏற்பது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். பாட்டியைப் பார்க்கும் பயணத்தை முதலில் முடித்துவிடுங்கள். சேவைக்கு முந்தைய இளைஞர்கள் மூன்று மாதத்துக்கும் குறைவாக வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்புவதற்குப் பயண அனுமதிச்சீட்டு தேவையில்லை. ஆனால் நிரந்தரவாசியாகிய அவனுக்கு மறுநுழைவு அனுமதி காலாவதியாகாமல் இருக்கிறதா என்பதையும், இந்தியக் கடப்பிதழ் எந்த மாதம் வரை செல்லும் என்பதையும் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் பாருங்கள். கடப்பிதழ் சேவைக்காலத்தில் காலாவதியாகும் எனில், விதிமுறை இடங்கொடுத்தால் இப்போதே புதுப்பித்துவிடுவது உத்தமம். வார நாளில், அலுவலக நேரத்தில், நேரில் சென்று முடிக்க வேண்டிய எந்த வேலையும் அடுத்த சில மாதங்களுக்கு அவனுக்கு மலையாகிவிடும். ஊரிலிருந்து திரும்பும் நாளை, சேரும் நாளுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்தால் தேறுவதற்கு அவகாசம் வேண்டும். விருந்துச் சாப்பாட்டில் ஏறிய எடையை ஓடிக் குறைக்கவும் அவகாசம் வேண்டும்.

பாட்டிக்கு வயதாகிவிட்டது என்றால், இன்னொன்றையும் சங்கடப்படாமல் பேசிவிடுங்கள். பயிற்சியின் நடுவில் ஊரில் ஏதாவது நேர்ந்தால் அவனுக்கு எப்படிச் சொல்வது, யார் சொல்வது? நெருங்கிய உறவினர் இறப்புக்கு விடுப்புக் கேட்க வழியுண்டு. ஆனால் வெளிநாடு செல்வதென்றால் மேலதிகாரியின் அனுமதி தேவைப்படும். சேரும் நாளில் பெற்றோரிடம் கொடுக்கப்படும் தொடர்பு எண்ணைக் கணவர், நீங்கள் இருவருமே கைப்பேசியில் பதிந்துகொண்டு, அத்தகைய செய்தியை முதலில் அந்த எண்ணுக்குத் தெரிவியுங்கள். இரவு கைப்பேசியைத் திறந்தவுடன் குடும்பக் குழுவில் எல்லோரும் அழுதுகொண்டிருப்பதைப் பார்த்து அவன் தெரிந்துகொள்ளும்படி விட்டுவிடக் கூடாது.

அடுத்தது பல்கலைக்கழகம். ஏ நிலைத் தேர்வு முடிவுகள் வழக்கமாகப் பிப்ரவரி இறுதியை ஒட்டி வெளியாகும். அன்று பள்ளிக்குச் சென்று முடிவைப் பெற்றுக்கொள்ளப் பயிற்சியாளர்களுக்கு நேரம் கொடுப்பார்கள். அதன்பின் சில வாரங்களுக்குள் பல்கலைக்கழக விண்ணப்பத்தைப் போட்டுவிட வேண்டும். கிடைத்த இடத்தைச் சேவை முடியும்வரை அவனுக்காக வைத்திருப்பார்கள். வாரக் கடைசியில் அரைத் தூக்கத்தில் வீடு திரும்பும் பிள்ளை, உபகாரச் சம்பளத்துக்கான கட்டுரையை அந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவான் என்று எதிர்பார்க்காதீர்கள். எந்தெந்தத் துறை, எந்த வரிசை, மதிப்பெண் குறைந்தால் அடுத்தது என்ன என்பதையெல்லாம் டிசம்பரிலேயே பேசி ஒரு தாளில் எழுதிவையுங்கள். சான்றிதழ்களின் நகல்கள், ஆசிரியர் பரிந்துரைக்கான வேண்டுகோள், கட்டுரையின் முதல் வரைவு ஆகியவை அவனுடைய கணினியில் ஒரே கோப்புறையில் இருக்கட்டும். நான் பார்த்த வரையில், தெக்கோங்கில் இருக்கும் பிள்ளைகளுக்குத் துப்பாக்கியைவிட இந்த விண்ணப்பத் தேதிகள்தான் அதிகக் கவலையைத் தருகின்றன.

உடலைப் பற்றி உங்கள் கேள்வியில் எதுவும் இல்லை. ஆனால் இரண்டு மாதத்தில் கண்கூடாக மாற்றக்கூடியது அது ஒன்றுதான். தேர்வு முடிந்த பிள்ளைகள் விடியற்காலை மூன்று மணிக்குப் படுத்து நண்பகலில் எழுகிறார்கள். முகாமிலோ விடியும் முன் எழுந்தாக வேண்டும். ஏழு மணி நேரத் தூக்கம் கொடுக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது, கொடுக்கவும் செய்கிறார்கள். ஆனால் இரவு பத்தரைக்குப் படுத்தால் தூக்கம் வராத உடம்பு அந்த ஏழு மணி நேரத்தில் நான்கை வீணடித்துவிடும். கடைசி மூன்று வாரமாவது அவன் முகாம் நேரத்துக்கு எழட்டும். குளிரூட்டியை அணைத்துவிட்டுத் தூங்கிப் பழகட்டும். ஓட்டப்பயிற்சியை உடற்பயிற்சிக்கூடத்து ஓடுபொறியில் செய்யாமல், காலை வெயில் ஏறும் நேரத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளுக்கு நடுவே செய்யட்டும். இந்த ஊரின் புழுக்கத்தில் உடம்புச் சூடு ஏறி மயங்கி விழுவதுதான் பயிற்சியில் அதிகாரிகள் மிகவும் அஞ்சும் விபத்து. அதற்காகவே வரிசையாக நிற்கவைத்து எல்லோரையும் ஒன்றாகத் தண்ணீர் குடிக்கவைக்கிறார்கள். தாகம் எடுக்கும் முன்பே குடிக்கும் பழக்கம் இங்கேயே வந்துவிட்டால் நல்லது.

சிறு வயதில் ஆஸ்துமா இருந்தது, ஒருமுறை வலிப்பு வந்தது, மன அழுத்தத்துக்கு மருந்து எடுத்துக்கொண்டான் என்று எது இருந்தாலும், மருத்துவப் பரிசோதனையில் சொல்லாமல் விட்டிருந்தால் இப்போதாவது ஆவணத்துடன் தெரிவியுங்கள். நம்மவர்களில் சிலர், "சொன்னால் நல்ல பிரிவு கிடைக்காது, பிள்ளையின் பெயர் கெட்டுவிடும்" என்று மறைக்கிறார்கள். வேறு சிலர் இல்லாத நோயைச் சொல்லித் தப்பிக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். முன்னது உயிருக்கு ஆபத்து. பின்னதை முகாமில் "கெங்" என்பார்கள், அந்தப் பட்டம் விழுந்த பையன் அறைத் தோழர்களின் நம்பிக்கையைத் திரும்பப் பெறுவது கடினம். காய்ச்சலடித்தால் மறைக்காமல் மருத்துவரிடம் போ, காய்ச்சல் இல்லையென்றால் போகாதே என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

வாங்க வேண்டியவை மிகச் சில. சீருடை, காலணி, பொதிப்பை எல்லாவற்றையும் அங்கேயே கொடுத்துவிடுவார்கள். குளியலறைக்குச் செருப்பு, இரண்டு பூட்டு, துணி உலர்த்தும் கொக்கிகள், வேர்க்குருப் பவுடர், கண்ணாடி அணிபவன் என்றால் அதே அளவில் இன்னொரு கண்ணாடி, அதைத் தலையோடு பிடித்துவைக்கும் பட்டை ஆகியவற்றைக் கொடுத்தனுப்புங்கள். இவற்றோடு, நீங்கள் எதிர்பார்க்காத ஒன்று: அழுத்தி மூடும் பிளாஸ்டிக் பைகள், பெரியதும் சிறியதுமாக. வெளிக்களப் பயிற்சிக்குக் கிளம்பும்போது ஒவ்வொரு மாற்றுடையையும் தனித்தனிப் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடிவைப்பார்கள். மழையில் பொதிப்பை முழுவதும் நனைந்த பிறகும் காய்ந்த காலுறை ஒன்று கிடைத்தால் அன்றைய இரவு நல்ல இரவு. முறுக்கும் அதிரசமும் கட்டிக்கொடுக்க உங்களுக்கு ஆசை இருக்கும். அறையில் தின்பண்டம் வைத்திருக்கப் பொதுவாக விடமாட்டார்கள்; விட்டாலும் எறும்பு விடாது. அவன் வீட்டுக்கு வரும் நாளுக்கு அதை ஒத்திவையுங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்கும். சேருவதற்கு முன் இணையத்தில் நிரப்பும் விவரங்களில் உணவுப் பழக்கத்தைச் சரியாகக் குறிப்பிட வேண்டும். குறிப்பிடாமல் விட்டுவிட்டு முதல் நாள் போய்க் கேட்டால் சிரமம். சுவை உங்கள் சமையலைப் போல் இருக்காது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தயிர் இல்லாமல் சோறு இறங்காது, காப்பிக்கு இன்ன தூள்தான் வேண்டும் என்ற பழக்கங்களை இந்த இரண்டு மாதத்தில் கொஞ்சம் தளர்த்திவிடுவது அவனுக்கு நீங்கள் செய்யும் உதவி. வெளிக்களத்தில் பையில் அடைத்த உணவு வரும். அதையும் பசித்த பிள்ளைகள் நக்கித் தீர்த்துவிடுவார்கள்.

கோப்பை கழுவாத பிள்ளை என்று எழுதியிருந்தீர்கள். அதில் தவறு அவனுடையது மட்டுமல்ல என்பது உங்களுக்கே தெரியும். பரீட்சை, பரீட்சை என்று அவனை ஒரு வேலையும் செய்ய விடாமல் வளர்த்தோம். பத்துப் பன்னிரண்டு பேர் தூங்கும் அறையைக் கூட்டித் துடைப்பது, கழிப்பறை கழுவுவது, படுக்கை விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்து மடிப்பது, சேற்றில் ஊறிய சட்டையைக் கையால் அலசுவது ஆகியவை அங்கே எல்லோருக்கும் உண்டு. யாரும் பிறவியிலேயே கற்றுவருவதில்லை, அங்கேயும் சொல்லித்தருவார்கள். ஆனால் அறை மொத்தமும் தயாராகி நிற்கும்போது ஒருவனுடைய அலமாரி மட்டும் கலைந்திருந்தால் தண்டனை அவனோடு நிற்காது, மற்றவர்களும் சேர்ந்தே அனுபவிப்பார்கள். அந்த வெட்கத்தை ஓரளவு தவிர்க்க, நாளை முதல் அவனுடைய துணி அவன் பொறுப்பு என்று விட்டுவிடுங்கள். பணிப்பெண் இருக்கும் வீடாக இருந்தால் அவரிடமும் சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் உங்களுக்குத் தெரியாமல் அவர் துவைத்துவிடுவார்.

சிங்கப்பூரின் வாசிகளில் இந்தியர்கள் ஏறக்குறைய 9 விழுக்காடு. அதனால் அவனுடைய அறையில் அவன் ஒருவனே தமிழனாக இருக்கக்கூடும். இதுவரை அவன் பழகிய நண்பர்கள் பெரும்பாலும் அவனைப் போலவே தேர்வெழுதி, அவனைப் போலவே ஆங்கிலம் பேசியவர்கள். இனி அடுத்த கட்டிலில் படுத்திருப்பவன் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படித்துவிட்டு, இரவில் உணவு விநியோகம் செய்து குடும்பத்தைத் தாங்கியவனாக இருக்கலாம். அணிவகுப்புக் கட்டளைகள் மலாய்மொழியில் வரும். "செடியா" என்றால் விறைத்து நிற்க வேண்டும், "செனாங் டிரி" என்றால் தளர்ந்து நிற்க வேண்டும். திட்டுகள் ஹொக்கியன் என்ற சீனப் பேச்சுமொழியில் வரும், அவற்றுக்கு நான் பொருள் சொல்லப்போவதில்லை. மதிப்பெண்ணைப் பற்றி அங்கே யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டால் தானாகச் சொல்ல வேண்டாம் என்று மகனிடம் தகப்பனார் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் போதும்.

பணத்தைப் பொறுத்தவரை, பயிற்சியாளருக்கு மாதந்தோறும் எண்ணூறு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) சற்றுக் குறைவாகப் படித்தொகை வரும். அது அவனுடைய சொந்த வங்கிக் கணக்குக்கே செல்லட்டும். சேமிப்பு எவ்வளவு, செலவு எவ்வளவு என்பதை அவனே தீர்மானிக்கட்டும்.

கணவருக்காக ஒரு பத்தி. சில தகப்பனார்கள், நிரந்தரவாசத்தைத் துறந்துவிட்டால் இதிலிருந்து விடுபடலாமே என்று கடைசி நேரத்தில் யோசிக்கிறார்கள். அழைப்பு வந்த பிறகு ஆஜராகாமல் இருப்பது சேர்ப்புச் சட்டப்படி குற்றம். 10,000 வெள்ளி வரை அபராதமோ மூன்று ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். சேவையாற்றாமல் உரிமையைத் துறந்தவன் பின்னாளில் இங்கே படிக்கவோ வேலை செய்யவோ விண்ணப்பித்தால் அதற்கும் பாதகமுண்டு. வீட்டில் முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டதென்றால், மகன் காதில் விழும்படி இந்தப் பேச்சை மறுபடி எடுக்காதீர்கள். தான் போவது சரிதானா என்ற சந்தேகத்தோடு படகேறும் பிள்ளைக்கு முதல் இரண்டு வாரம் மிகவும் நீளமாக இருக்கும். மாறாக, அலுவலகத்தில் உடன் பணிபுரியும் உள்ளூர்க்காரர் ஒருவரை வீட்டுக்கு அழைத்து ஒரு மாலை மகனோடு பேசவைக்கட்டும். எல்லா ஆண்களுக்கும் இங்கே சொல்ல ஒரு தெக்கோங் கதை உண்டு, கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

சேரும் நாளில் நீங்களும் போகலாம். பாசிர் ரிஸ்ஸிலிருந்து பேருந்து, பிறகு சாங்கியிலிருந்து படகு. அறையைக் காட்டுவார்கள், உறுதிமொழி எடுப்பதைப் பார்க்கலாம், உணவுக்கூடத்தில் சேர்ந்து சாப்பிடலாம். பிறகு ஒரு கட்டத்தில் பிள்ளைகள் ஒரு பக்கமும் பெற்றோர் ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிடுவார்கள். அழுகை வந்தால் அழுங்கள், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். சார்ஜண்டைத் தனியே கூப்பிட்டு, "என் பிள்ளை கொஞ்சம் மென்மையானவன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவன் மீது அந்தப் பார்வை நிலைத்துவிடும். முடியைப் பொறுத்தவரை, முகாமிலேயே ஒட்ட வெட்டிவிடுவார்கள். நேர்த்திக்கடன் இருந்தால் சமயபுரத்தில் மொட்டை போட்டுக்கொண்டே வரலாம், ஒன்றும் கெட்டுவிடாது.

முதல் ஏறத்தாழ இரண்டு வாரம் வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். இரவில் சிறிது நேரம் கைப்பேசி கிடைக்கும். அந்தச் சில நிமிடத்தில் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று விசாரணை நடத்தாமல், அவன் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள். "திரும்பி வந்துவிடலாமா" என்று ஓரிரு நாள் கேட்கக்கூடும், பெரும்பாலோர் கேட்டிருக்கிறார்கள். அதற்கு மேலும் சாப்பாடு இறங்கவில்லை, யாரோடும் பேசவில்லை என்று தெரிந்தால் தயங்காமல் அவனுடைய பிளட்டூன் எனப்படும் சிறு படைக்குழுவின் தளபதியிடம் சொல்லுங்கள். ஆலோசனை சொல்லப் பயிற்சி பெற்றவர்கள் படையிலேயே இருக்கிறார்கள்.

இன்னொரு வேலையை அவன் கிளம்பும் முன்பே முடித்துவைக்கச் சொல்வேன்: ஒரு கடிதம். வெளிக்களப் பயிற்சி சுமார் ஒரு வாரம் நடக்கும். குளிக்க முடியாது, பவுடரைத் தூவிக்கொள்வதுதான் குளியல். முழங்கால் ஆழத்துக்கு ஆள் படுக்கும் குழி தோண்டி அதற்குள் கிடப்பார்கள். அந்த வாரத்தின் நடுவில், பெற்றோரிடமிருந்து முன்கூட்டியே வாங்கிவைத்த கடிதங்களைப் பல கம்பெனிகளில், அதாவது பயிற்சிப் படைக்குழுக்களில், பிள்ளைகளுக்குக் கொடுப்பது வழக்கம். கடிதம் வேண்டும் என்ற செய்தி பெற்றோருக்குத் திடீரென்றுதான் வரும். அவசரத்தில் நாலு வரி அறிவுரை எழுதி அனுப்பிவிட்டுப் பிறகு வருந்தியவர்களை எனக்குத் தெரியும். மண் ஒட்டிய விரலால் பிரித்து, சிவப்புக் கண்ணாடி போட்ட கைவிளக்கில் படிக்கப்போகிற கடிதம் அது. தமிழில் எழுதலாம், பள்ளியில் தமிழ் படித்த பிள்ளைதானே. எழுத்துக்கூட்டிப் படிப்பவனாக இருந்தால் சிறு வாக்கியங்களாக எழுதுங்கள். பாட்டி தொலைபேசியில் என்ன கேட்டார், தங்கை அவனுடைய நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள், கீழ்த்தளத்துக் கடைக்காரர் விசாரித்தார் என்று வீட்டு நடப்பை எழுதுங்கள். அப்பாவும் தனியே ஒரு பக்கம் எழுதட்டும். பல பிள்ளைகளுக்குத் தகப்பனார் கைப்பட எழுதிய முதல் கடிதம் அதுவாகத்தான் இருக்கும்.

முதல்முறை வீட்டுக்கு வரும் வாரக்கடைசியில் உறவினரை விருந்துக்கு அழைக்காதீர்கள், தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) போகலாம், கோவிலுக்குப் போகலாம் என்று நிகழ்ச்சி நிரலும் போடாதீர்கள். அவன் சனிக்கிழமை பாதியைத் தூங்கியே கழிப்பான். மீதியை நண்பர்களோடு கழிக்க விரும்பினால், உங்களை மறந்துவிட்டான் என்று பொருளல்ல. ஞாயிறு பிற்பகலுக்குள் துணி உலர்ந்திருக்க வேண்டும், நகம் வெட்டியிருக்க வேண்டும், காலணிக்கு மெருகு போட்டிருக்க வேண்டும். இவற்றை அவனே செய்யட்டும். மாலைச் சாப்பாட்டை மட்டும் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகச் சமைத்துவிடுங்கள், ஞாயிறு மாலை பாசிர் ரிஸ் போகும் ரயிலில் நல்ல கூட்டம் இருக்கும்.